பிரிக்காத பழுப்புப் பெட்டி

அன்பு மகனுக்கு,

இங்கு எல்லோரும் நலம், அங்கு உன் நலம் எப்படி என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. நீயும் பதிலுக்கு 'நலம்' என்று ஒரு வரி எழுதி என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்காதே. இத்தனை வருஷம் ஆரணிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். விடையை முதலில் எழுதிவிட்டு, வழியை அப்புறம் இட்டுக்கட்டுகிறவன் யார் என்று நோட்டைப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன்.

போன மாதம் உன் நிச்சயதார்த்தத்துக்கு ஓசூரிலிருந்து வந்தாயே, அன்று உன் சட்டைகளை மடித்து வைக்கலாம் என்று பையைத் திறந்தேன். திருட்டுத்தனமாகப் பார்த்தேன் என்று நினைக்காதே. நீ சட்டை மடிக்கும் அழகு ஊருக்கே தெரியும். உள்ளே நீல மூடி போட்ட இன்ஹேலர் மூன்று கிடந்தன. இரண்டு காலி, ஒன்று பாதி. அடியில் பழுப்பு மூடி உள்ளது, அட்டைப் பெட்டிகூடப் பிரிக்காமல், வாங்கின நாளில் இருந்த மாதிரியே இருந்தது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீலந்தான் இருக்குதேம்மா, இழுத்தா உடனே கேக்குது. அந்தப் பழுப்பு இழுத்தாலும் ஒண்ணு, இழுக்காட்டியும் ஒண்ணு" என்றாய். அதோடு விட்டாயா? குரலைத் தாழ்த்தி, "பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும், நீ கம்முனு இரும்மா" என்றாய். வீடு நிறைய ஆட்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டுப் பையை மூடி வைத்தேன். தலையாட்டியது தப்பு. அந்தத் தப்பு நெஞ்சிலேயே நிற்கிறது, அதை இறக்கி வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு மூச்சிரைப்பு வந்தது இருபத்துநாலு வயதில். எனக்கு வந்தது முப்பத்தெட்டில். என்னிடமிருந்துதான் வந்திருக்கும் என்று உன் அப்பா ஒருநாள் விளையாட்டாகச் சொன்னபோது நான் சிரித்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய் அழுதேன். பிள்ளைக்கு என் மூக்கு வந்தது, நிறம் வந்தது, அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். சரி, வந்தது வந்துவிட்டது. வந்ததை வைத்துக்கொண்டு எப்படி நன்றாக வாழ்வது என்பதை நான் மிகவும் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். நீ அதே பாடத்தை அதே மாதிரி படிக்க வேண்டியதில்லை.

நான் இருட்டினால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். நம் சமண நயினார் வீடுகளில் விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டு முடிப்பது வழக்கம்தானே என்று நினைத்திருப்பாய். வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பார்கள், காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொள்வார்கள். நான் மட்டும் ஏன் இவ்வளவு கடுமையாக இருந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. உனக்கு மூன்று வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாய். நான் ஜினாலயத்தில் போய் நின்று, பிள்ளை பிழைத்தால் ஆயுசு முழுக்கச் சூரியன் மறைந்த பிறகு என் வாயில் எதுவும் படாது என்று விரதம் எடுத்தேன். இப்படிப் பேரம் பேசி விரதம் எடுப்பது நம் தர்மத்துக்குப் பொருந்தாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அன்றைக்கு எனக்குச் சரி தப்பு பார்க்கிற நிலைமை இல்லை. நீ எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு கேட்டாய், அதுவே எனக்குப் போதும். அன்று முதல் இன்று வரை நான் விரதத்தை விடவில்லை, விடப்போவதும் இல்லை. இனிமேல் சொல்லப்போவதைப் படித்துவிட்டு விரதத்தின் மேல் பழி போடாதே. உன் மேலும் போட்டுக்கொள்ளாதே. பழி முழுக்க என்னுடையது.

எழுபதுகளில் எனக்கு இரைப்பு வந்தபோது ஊரில் மாத்திரையும் ஊசியும்தான். நம் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டு நூல் சுற்றும் கூடம். தீபாவளி நெருங்கினால் ராட்டைகள் விடியற்காலையிலேயே ஓட ஆரம்பித்துவிடும். அந்த நூல் தூசி காற்றில் வந்தாலே எனக்கு மார்பு அடைத்துக்கொள்ளும். மாத்திரை போட்டால் கை நடுங்கும், கரும்பலகையில் வட்டம் போட்டால் கத்தரிக்காய் மாதிரி வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்புறம் புதிதாக ஒரு டாக்டரம்மா நம் ஊருக்கு வந்து நீல இன்ஹேலரைக் கொடுத்தார். இரண்டு தடவை இழுத்தால் கால் மணி நேரத்துக்குள் மூச்சு வந்துவிடும். நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. சில வருஷம் கழித்து அதே டாக்டரம்மா பழுப்பையும் கொடுத்தார். "இதைக் காலையில ரெண்டு தடவை, ராத்திரி ரெண்டு தடவை இழுங்க டீச்சர். நல்லா இருந்தாலும் இழுக்கணும். இழுத்ததும் வாயை நல்லா கொப்பளிச்சுத் துப்பிடுங்க" என்றார். சரி என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. ராத்திரி வாய் கொப்பளித்தால் தண்ணீர் படுமே. நீலம் பரவாயில்லை, அது உயிர் போகிற நேரத்தில் எடுப்பது, வெறும் காற்றுப் போல உள்ளே போய்விடுகிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பழுப்பு அப்படியில்லை. இழுத்தால் உடனே ஒரு சுகமும் தெரியவில்லை. உயிர் போகிற அவசரமும் இல்லை. அதற்காக விரதத்தை எப்படி முறிப்பது? அதனால் ராத்திரியில் இழுத்துவிட்டு, வாய் கொப்பளிக்காமல் படுத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, காரம் பட்டால் எரிந்தது. இது விரதத்தோடு விளையாடியதற்குத் தண்டனை என்று முடிவு கட்டி, ராத்திரி மருந்தை நிறுத்தினேன். ஒரு வேளை மட்டும் எடுத்து என்ன ஆகப்போகிறது என்று காலையில் உள்ளதும் தானாக நின்றுபோனது. பெட்டியைச் சாமான் அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். டாக்டரம்மா கேட்கும்போதெல்லாம், "எடுத்துகினுதான் இருக்கேன்" என்று கூசாமல் சொன்னேன். சந்தேகம் வந்தால் கையைத் தூக்கிக் கேள் என்று பிள்ளைகளைத் திட்டுகிற டீச்சருக்கு, ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. விரதத்தை விடு என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் ஒன்று. எல்லாம் எனக்குத் தெரியும் என்ற திமிர் ஒன்று.

பழுப்பு நின்றதும் நீலம் கூடிக்கொண்டே போனது. வாரத்துக்கு இரண்டு முறை என்று இருந்தது தினம் ஒரு முறை ஆனது, அப்புறம் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று ஆனது. மாடிப்படி ஏறினால் நீலம், துணி துவைத்தால் நீலம். அதுதான் கேட்கிறதே என்று நானும் இருந்தேன். நீ சொன்னாயே, அதே வார்த்தை. நீ அப்போது வேலூரில் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், மத்தியானம் மூன்றாம் பாடவேளை, பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். மார்பு இறுகியது. நீலத்தை எடுத்து இழுத்தேன். கேட்கவில்லை. மறுபடி இழுத்தேன், மறுபடியும் கேட்கவில்லை. 'தலைமையாசிரியரைக் கூப்பிடு' என்று முன்வரிசைப் பெண்ணிடம் சொல்லப் பார்க்கிறேன், இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். உன் அப்பா பட்டுக் கடையிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து, என்னைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் தூக்கி வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். வழியெல்லாம், "மூச்சு விடு, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்? அந்த நேரத்திலும் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இல்லை. உனக்கு, 'அம்மாவுக்குச் சாதாரண ஜுரம், கவலைப்படாதே' என்று கார்டு போட்டோம். அதுவும் பொய்.

ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, மறுநாள் காலையில்தான் நான் மனுஷியானேன். டாக்டரம்மா இரண்டு மருந்தையும் கொண்டுவரச் சொன்னார். அப்பா வீட்டைக் குடைந்து பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். டாக்டரம்மா பழுப்பைக் கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"இது எப்ப வாங்கினது டீச்சர்?"

"பொங்கலுக்கு அப்புறம்."

"தெனம் எடுக்கிறீங்களா?"

"எடுத்துகினுதான் இருக்கேன்."

அவர் கோபப்படவில்லை. "இதுல இருநூறு தடவை வரும். நாளைக்கு நாலு தடவைன்னா எத்தினி நாள் வரும், நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றார். கணக்கு டீச்சர் நான் கட்டிலின் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பது நாள் வர வேண்டியது, ஒன்பது மாதம் கழித்தும் கனமாக இருக்கிறது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் காய்ச்சல், விரதம், நாக்கு வெந்தது எல்லாம். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க சாயங்காலம் எத்தினி மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"அஞ்சரை, ஆறுக்குள்ள."

"அப்ப சாப்பிடறதுக்கு முன்னாடி இழுத்துட்டு, வாயைக் கொப்பளிச்சுட்டு, அப்புறம் சாப்பிடுங்க. ராத்திரின்னு எழுதினது எல்லாரும் ராத்திரி சாப்பிடறவங்கன்னு நெனச்சு எழுதினது. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், அவ்ளோதான் கணக்கு. உங்க விரதத்த நான் எதுக்கு முறிக்கச் சொல்லப்போறேன்?"

அவ்வளவுதான். ஒரே ஒரு கேள்வியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். உன் அப்பா வெளியே வராந்தாவில் நின்றுகொண்டு, "நீ எடுக்கறதில்லன்னு எனக்குத் தெரியும். உன் விரதத்துல நான் எப்படித் தலையிடறதுன்னு இருந்துட்டேன்" என்றார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. எனக்கு என் மேல் வந்த வெறுப்பைவிட அவர் முகத்தைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது. தெரிந்தும் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அவருக்குத்தான் முதலில் புரிந்தது. போன மாதம் தலையாட்டியபோது எனக்கு அது மறந்துபோய்விட்டது.

இப்போது நீ கேட்பதற்கு வருகிறேன். நீலம் உடனே கேட்கிறது, பழுப்பு ஒன்றும் செய்யவில்லை என்கிறாய். டாக்டரம்மா எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். நம் மூச்சுக்குழாய் உள்ளுக்குள் எப்போதும் கொஞ்சம் புண்பட்டு வீங்கியே இருக்கிறது, நமக்கு நன்றாக இருக்கிற நாளிலும். தூசியோ பனியோ பட்டால் சட்டென்று இறுகிவிடுகிறது. நீலம் அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். சில மணி நேரம் நிற்கும், அப்புறம் போய்விடும். வீக்கத்தை அது தொடாது. பழுப்பு அந்த வீக்கத்தைக் குறைக்கும், ஆனால் மெதுவாக. சில நாள், சில வாரம் ஆகும். அதனால்தான் இழுத்த உடனே ஒன்றும் தெரிவதில்லை. நம் தெருவில் காலையில் தறிக்குப் போகும் பாவு நூலை நீளமாகக் கட்டிக் கஞ்சி போடுவார்களே, பார்த்திருக்கிறாய். கஞ்சி போட்டால் தறியில் இழை அறாது. அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம், முடிச்சுப் போடத் தெரிந்திருக்கவும் வேண்டும். ஆனால் கஞ்சியே போடாமல் நாள் முழுக்க முடிச்சுப் போட்டுக்கொண்டே புடவை நெய்கிறவனை என்ன சொல்வது? நீ ஒன்று மாற்றி ஒன்றாக நீலத்தைக் காலி பண்ணிக்கொண்டு அதைத்தான் செய்கிறாய். நீலம் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, உள்ளே நிலைமை கெட்டுக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அப்படியானால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நீலம் எடுத்தும் கேட்கவில்லை, பேச முடியவில்லை என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான் வகுப்பில் நின்றுகொண்டு இழுத்துப் பார்த்தது போல நீ நின்றுகொண்டிருக்காதே, இழுத்துக்கொண்டே கிளம்பு.

பழகினால் விடவே முடியாது என்று உன் அறைக்காரப் பையன் சொன்னானாம். கண்ணாடி போட்டவனைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்கிறார்களா? நல்லாகிவிட்டது என்று நீயாக நிறுத்தாதே, குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். இன்னொன்று. நீ இழுக்கிற அழகை அன்று பின்கட்டில் பார்த்தேன். கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி வாய்க்குள் அடித்துக்கொண்டாய். நானும் முதல் வருஷம் அப்படித்தான் நாக்குக்கு வைத்தியம் பார்த்தேன். நன்றாகக் குலுக்கு. மூச்சை முழுக்க வெளியே விடு. உதட்டை இறுக்கி வைத்து, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்து. இழுத்ததைப் பத்து எண்ணும்வரை அடக்கி வை. பழுப்பு என்றால் கொப்பளித்துத் துப்பு. கண்ணாடி முன்னால் நின்று செய்து பார். வெட்கப்பட அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக்கொள்.

அன்றைக்குப் பிறகு நான் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு இழுக்கிறேன், கொப்பளிக்கிறேன், சாப்பிடுகிறேன். முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நாலாவது வாரம், சேவூர் வரை உன் அப்பாவோடு நடந்துபோய்விட்டு வீட்டுக்குத் திரும்பின பிறகுதான், வழியில் எங்கேயும் நான் நின்று மூச்சு வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நீலம் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது, அதில்லாமல் படி இறங்க மாட்டேன். ஆனால் போன தீபாவளிக்கு வாங்கினது இன்னும் தீரவில்லை.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போன வெள்ளிக்கிழமை சேத்துப்பட்டிலிருந்து உன் நிர்மலா அவள் அம்மாவோடு கூறைப்புடவை எடுக்க வந்திருந்தாள். அம்மா கடையில் புடவை பார்த்துக்கொண்டிருக்க, அத்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உன் அப்பாவோடு இவள் மட்டும் நம் வீட்டுக்கு வந்தாள். மோர் கொடுத்தேன். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"நிச்சயத்தன்னிக்கு அவரு ரெண்டு தரம் பின்கட்டுக்குப் போனாரு. ஜன்னல் வழியா பார்த்தேன். எங்க பெரியப்பாவுக்கும் அதே மாதிரி நீலம். பையில போட்டுகினே சுத்துவாரு. வேற மருந்து குடுத்தா வேணாம்னுடுவாரு, இதுதான் கேக்குதேன்னுவாரு. ஒரு நாள் அது கேக்கல."

அதற்குப் பிறகு பெரியப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு முன்னால் நான் உடைந்திருப்பேன். பொய் சொல்ல எனக்கு இனிமேல் தெம்பில்லை, மகனே. ஆமாம்மா, அவனுக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது என்றேன்.

"கல்யாணத்த நிறுத்தறதுக்கு வரல அத்தை. எனக்குப் பயமெல்லாம் அந்த நோவு மேல இல்ல. அவரு மறைச்சுகினே இருந்தா, ஒரு நாள் மூச்சு முட்டும்போதுகூட என்னைக் கூப்பிட மாட்டாரே, அதான். அவரே என்கிட்ட சொல்லணும். சொல்லுவாரா?"

பிள்ளையை விட்டுக்கொடுக்காமல், 'சொல்லுவான்' என்று சொல்லியிருக்க வேண்டும் நான். உன்னைப் பெற்று வளர்த்தவளுக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. பொண்ணு அதைப் பார்த்துவிட்டாள். மோரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

பெட்டியைப் பிரி. இன்றைக்கே தொடங்கு. இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வேண்டாம், அவளுக்கு எழுது.

உன் அம்மா